ஒன்பதாவது சில்லு எங்கே போனது?

என்னிடம் இரண்டு பழைய ரேம் பட்டைகள் இருக்கின்றன. இரண்டுமே முப்பது பின் கொண்ட பட்டைகள், 386, 486 காலத்தவை. ஒன்றில் ஒன்பது சில்லுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இன்னொன்றில் எட்டுதான். கொள்ளளவு இரண்டுக்கும் ஒன்றே, ஒரு மெகாபைட். அப்படியானால் அந்த ஒன்பதாவது சில்லுக்கு என்ன வேலை? பின்னால் வந்த பட்டைகளில் அது ஏன் காணாமல் போனது? இதைத் தேடிப் போனபோது கிடைத்தவற்றை இங்கே தொகுத்து வைக்கிறேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே நீலத்திரை வந்து நின்றுபோவது, மெக்கானிக் மூன்று தடவை ஃபார்மட் அடித்தும் சரியாகாமல் இருப்பது போன்ற தொல்லைகளின் வேர் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

காந்த மணிகளின் காலம்

நம் நாட்டில் வடிவமைத்துக் கட்டிய முதல் பெரிய மின்னணுக் கணினி டிஃப்ராக். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1962இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 மின்தடைகள் கொண்ட பெரிய இரும்புச் சட்டகம் அது. அதன் நினைவகம் 2,048 சொற்கள், ஒவ்வொரு சொல்லும் 40 பிட். பெருக்கிப் பார்த்தால் 81,920 பிட். இன்றைய கணக்கில் பத்து கிலோபைட். வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம்கூட அதற்குள் அடங்காது.

அந்த நினைவகம் ஃபெரைட் வளையங்களால் ஆனது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய காந்த மணிகள். அவற்றின் ஓட்டைக்குள் கம்பிகளைக் கோத்து, மணி ஒரு திசையில் காந்தமானால் 1, எதிர்த்திசையில் ஆனால் 0 என்று வைத்துக்கொண்டார்கள். இந்த வகையின் பெரிய நல்ல குணம், கரண்ட் போனாலும் மறக்காது என்பது. சென்னை ஐஐடியில் ஜெர்மன் உதவியோடு 1973இல் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 பெருங்கணினியின் முதன்மை நினைவகமும் இந்தக் காந்த மணி வகையைச் சேர்ந்ததுதான். மணி உடையலாம், கம்பி அறுந்து போகலாம். ஆனால் சும்மா வைத்திருந்த மணி தானாக எண்ணத்தை மாற்றிக்கொள்வது அபூர்வம்.

இருந்தும் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் இயந்திரத்தை நம்பவில்லை. காரணம் அதற்கு முந்தைய தலைமுறை. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதவியலாளர் ரிலே கணினி ஒன்றில் தன் கணக்குகளை ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்தது வார இறுதி நேரம். கணினி தவறைக் கண்டுபிடித்தால் அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். வார நாட்களில் என்றால் பக்கத்தில் இருக்கும் ஆள் பார்த்துச் சரிசெய்வார். சனி, ஞாயிறில் யார் இருப்பார்கள்? திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. தவறு இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, எந்த இடத்தில் தவறு என்று கண்டுபிடித்துத் திருத்த ஏன் தெரியக்கூடாது என்று ஹாமிங் யோசித்தார். 1950இல் வெளியான அவருடைய கட்டுரைதான் பிழைதிருத்தும் குறியீடுகளின் தொடக்கம்.

பாரிட்டியும் ஹாமிங்கும்

இரண்டு வேறு விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். முதலாவது பாரிட்டி. எட்டு பிட் எழுதும்போது அதில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். மொத்தம் எப்போதும் ஒற்றைப்படையாக வருவதுபோல ஒன்பதாவது பிட்டை 0 அல்லது 1 என்று எழுதி வைக்க வேண்டும். படிக்கும்போது மறுபடி எண்ணினால் இரட்டைப்படை வந்தால், நடுவில் ஏதோ ஒரு பிட் புரண்டுவிட்டது. எந்த பிட் என்று தெரியாது. சுற்றுலா பஸ் கிளம்புமுன் தலையை எண்ணுவது மாதிரி: ஆள் குறைகிறது என்று தெரியும், யார் என்று தெரியாது.

இரண்டாவது ஹாமிங் முறை. சின்ன வயதில் திருவிழாக் கடைகளில் ஒரு விளையாட்டு அட்டைக் கட்டு கிடைக்கும். மனதுக்குள் ஒரு எண்ணை நினைத்துக்கொள், இந்த அட்டையில் அது இருக்கிறதா, அந்த அட்டையில் இருக்கிறதா என்று ஆறு அட்டையைக் காட்டிக் கேட்டுவிட்டு, நினைத்த எண்ணைச் சொல்லிவிடுவார்கள். இருக்கிறது என்று சொன்ன அட்டைகளின் முதல் எண்களைக் கூட்டினால் விடை. ஹாமிங் குறியீடு கிட்டத்தட்ட அதுவேதான். பிட்டுகளின் இடங்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு பாரிட்டி பிட் வைக்கிறார்கள். எந்தெந்த அட்டையின் கணக்கு இடிக்கிறதோ, அவற்றின் முதல் எண்களைக் கூட்டினால் புரண்ட பிட்டின் இடம் வந்துவிடும். இடம் தெரிந்தால் 0வை 1 ஆக்க வேண்டியதுதான், வேலை முடிந்தது.

64 பிட்டுக்கு இப்படி 7 பிட் போதும். இரண்டு பிட் ஒரே நேரத்தில் புரண்டால் அதையும் கண்டுபிடித்துச் சொல்ல இன்னொன்று. ஆக மொத்தம் 8. எட்டு பைட்டுக்குத் தலா ஒரு பாரிட்டி பிட் வைத்தாலும் 8தான். செலவு ஒன்றே. ஒன்று கத்தும், இன்னொன்று கத்தாமலே சரிசெய்துவிடும். 1961இல் வந்த ஐபிஎம்மின் ஸ்ட்ரெச் கணினி இந்த 64க்கு 8 முறையைப் பயன்படுத்திவிட்டது. அறுபது ஆண்டுக்கு முன்பே தீர்ந்துபோன பிரச்சினை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஓட்டைக் குடமும் நெய்வேலி பம்பும்

காந்த மணிகளை ஓரங்கட்டியது டிராம். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அதற்குள் ஒரு பிட் என்ற யோசனை ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டுக்கு 1966இல் வந்தது. 1968இல் காப்புரிமை கிடைத்தது. 1970இல் இன்டெல் 1103 என்ற ஒரு கிலோபிட் சில்லு சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே காந்த மணி கோக்கும் தொழில் படுத்துவிட்டது.

டிராமின் மின்தேக்கி ஓட்டைக் குடம். நிரப்பி வைத்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு பிட்டையும் படித்து மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைய ரேமில் வழக்கமாக 64 மில்லிவினாடிக்குள் எல்லா அறைகளையும் ஒரு சுற்று நிரப்பிவிட வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்தும். இரவு பகலாக பம்ப் ஓடி அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். பம்ப் நின்றால் சுரங்கம் இல்லை. டிராமும் அப்படித்தான். புதுப்பித்தல் நின்றால் நினைவு இல்லை. ஒரு அறையின் கசிவு மட்டும் கொஞ்சம் அதிகமாகிவிட்டால், அடுத்த முறை நிரப்ப ஆள் வருவதற்குள் அந்த 1 காலியாகி 0 ஆகிவிடும். கெட்டுப்போன ரேம் என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு இதுதான்.

மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும்

சில்லுகள் சிறுத்தபோது இன்னொரு விசித்திரம் வெளிவந்தது. நல்ல நிலையில் இருக்கும் சில்லிலும் எப்போதாவது ஒரு பிட் புரள்கிறது. திரும்ப எழுதினால் சரியாகிவிடுகிறது, அதே இடத்தில் மறுபடி வருவதில்லை. 1978இல் இன்டெல்லின் டிமத்தி மேயும் முர்ரே வுட்ஸும் காரணத்தைச் சொன்னார்கள். சில்லைப் பொதிந்து வைக்கும் பீங்கான் உறையில் மிகச் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவை உமிழும் ஆல்ஃபா துகள் மின்தேக்கிக்குப் பக்கத்தில் பாய்ந்தால் அந்த அறையின் மின்னூட்டம் கலைந்துவிடும்.

தோரியம் என்றதும் நமக்கு மணவாளக்குறிச்சி நினைவுக்கு வரும். குமரி மாவட்டக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் தோரியம் நிறைந்தது. அப்படியானால் அங்கே கம்ப்யூட்டர் அடிக்கடி கெடுமா? அதனால் கெடாது. ஆல்ஃபா துகளை ஒரு காகிதம்கூடத் தடுத்துவிடும். வெளியே எவ்வளவு இருந்தாலும் சில்லுக்குள் நுழையாது. உறையே துகளை உமிழ்ந்ததுதான் இங்கே சிக்கல், வேலியே பயிரை மேய்ந்த கதை. உறைக்கான மூலப்பொருட்களைச் சுத்தப்படுத்திய பிறகு இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது.

ஆனால் வானத்திலிருந்து வருவதைச் சுத்தப்படுத்த முடியாது. 1979இல் ஐபிஎம்மின் ஜேம்ஸ் ஜீக்லரும் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் லான்ஃபோர்டும் அண்டக்கதிர்கள் நினைவகச் சில்லுகளைப் பாதிக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். அண்டக்கதிர் வளிமண்டலத்தில் மோதி நியூட்ரான்களை உண்டாக்குகிறது. உயரே போகப்போக அவை அதிகம். டாடா நிறுவனம் ஊட்டியில் அண்டக்கதிர் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் அந்த உயரம் ஒரு காரணம். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகமும் ஏறக்குறைய ஊட்டி உயரத்தில்தான் இருக்கிறது. 1976இல் முதல் க்ரே-1 கணினியைச் சோதனைக்காக ஆறு மாதம் அங்கே ஓட்டினார்கள். அதில் பிழையைத் திருத்தும் வசதி இல்லை, பாரிட்டி மட்டும்தான். அந்த ஆறு மாதத்தில் பதிவான நினைவகப் பிழைகள் 152.

அதை வடிவமைத்த சீமோர் க்ரேயைப் பற்றிக் கணினித் துறையில் ஒரு வேடிக்கைக் கதை உலவுகிறது. முந்தைய கணினியில் ஏன் பாரிட்டி வைக்கவில்லை என்று கேட்டதற்கு, அதெல்லாம் விவசாயிகளுக்கு என்றாராம். அமெரிக்காவில் விளைபொருளுக்கு அரசு தரும் ஆதரவு விலைக்கும் பாரிட்டி என்றுதான் பெயர். பிறகு அவரே தன் கணினிகளில் பாரிட்டி வைத்தபோது, விவசாயிகளும் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன் என்றாராம். கதை எப்படியோ, முதல் இயந்திரத்துக்குப் பின்னால் வந்த க்ரே-1கள் பிழைதிருத்தும் நினைவகத்தோடுதான் வந்தன.

கத்திவிட்டுச் செத்த கணினி

இப்போது ஒன்பதாவது சில்லுக்கு வருவோம். 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் ஒவ்வொரு நினைவக வரிசையிலும் ஒன்பது சில்லுகள். எட்டு தரவுக்கு, ஒன்று பாரிட்டிக்கு. வீட்டில் வைத்துக்கொள்ளும் மலிவு இயந்திரம்தான், ஆனால் பெருங்கணினி செய்து பழகிய கம்பெனியின் கை அது. ஆன் செய்ததும் முதலில் நினைவகம் முழுவதையும் எழுதிப் படித்துச் சோதிக்கும். தவறு இருந்தால் திரையில் 201 என்ற எண்ணும், அதற்கு முன்னால் எந்தச் சில்லு என்று கண்டுபிடிக்க உதவும் ஒரு குறிப்பும் வரும். வேலை நடந்துகொண்டிருக்கும்போது பாரிட்டி இடித்தால் திரையில் பாரிட்டி செக் என்று போட்டுவிட்டு மொத்தமாக நின்றுவிடும்.

நின்றுவிடுகிறதே, இது என்ன நல்ல குணம் என்று கேட்கலாம். நல்ல குணம்தான். தவறான எண்ணை வைத்துக்கொண்டு கணக்கை முடித்து, அதை டிஸ்கிலும் எழுதி வைப்பதைவிட, எனக்கு நினைவு தவறிவிட்டது என்று சொல்லிப் படுத்துவிடுவது நேர்மை.

அந்த நேர்மைக்கு விலை இருந்தது. எட்டுக்கு ஒன்று என்றால் பன்னிரண்டரை சதவீதம் கூடுதல் சில்லு. 1990களின் முதல் பாதியில் ரேம் ஒரு மெகாபைட் அமெரிக்காவிலேயே 30, 40 டாலர். 1993 ஜூலையில் ஜப்பானில் நீஹாமா என்ற ஊரில் சுமிடோமோ கெமிக்கல் ஆலை வெடித்தது. சில்லு உறைக்கான எபாக்சி பிசினில் உலகத் தேவையின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. ரேம் விலை எகிறியது. இன்னொரு பக்கம் விண்டோஸ் அதிக நினைவகம் கேட்டது. விலைக்குப் போட்டி போட்ட பிசி தயாரிப்பாளர்களுக்கு ஒன்பதாவது சில்லு ஆடம்பரமாகத் தெரிந்தது.

முதலில் ஒரு ஏமாற்று நடந்தது. பாரிட்டி கேட்கும் பழைய போர்டுகளுக்காக, ஒன்பதாவது இடத்தில் நினைவகத்துக்குப் பதில் ஒரு சின்ன கணக்கிடும் சில்லை வைத்துப் பட்டைகள் விற்றார்கள். படிக்கும் நேரத்தில், வந்த எட்டு பிட்டுக்குப் பொருத்தமான பாரிட்டியை அந்த நிமிடமே கணக்கிட்டுக் கொடுத்துவிடும். எட்டும் தப்பாக இருந்தாலும் கணக்கு சரியாகவே வரும். வாட்ச்மேன் வேலைக்கு, எப்போது கேட்டாலும் எல்லாம் சரி சார் என்று சொல்லும் பொம்மையை வைத்த மாதிரி. அடுத்து வாட்ச்மேன் பதவியையே எடுத்துவிட்டார்கள். 1995இல் இன்டெல்லின் ட்ரைட்டன் சிப்செட் பாரிட்டியை ஆதரிக்கவே இல்லை. பென்டியம் கணினிகளில் அது பெரும் வெற்றி பெற்றது. எட்டுச் சில்லு வழக்கமானது. சர்வர்களில் மட்டும் ஒன்பதாவது சில்லு தங்கியது, அதுவும் ஹாமிங் வழியில் பிழைதிருத்தும் இசிசி நினைவகமாக.

இதில் கவனிக்க வேண்டியது காலம். இந்தியாவில் வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் கம்ப்யூட்டர் பெருவாரியாக வந்தது அந்தச் சில்லு போன பிறகுதான். நம்மில் பெரும்பாலானோர் கணினி தன் மறதியை ஒப்புக்கொண்டு பார்த்ததே இல்லை.

மந்தாரக்குப்பத்துக் கடை

விருத்தாசலம்-கடலூர் சாலையில் மந்தாரக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறார். சுற்றுக் கிராமத்து ஆட்கள் பழைய பத்திரம், பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாம் கொண்டுவந்து ஸ்கேன் செய்து வைக்கச் சொல்வார்கள். நிலம் போன குடும்பங்களுக்கு அந்தக் காகிதம்தான் மிச்சம். அவருடைய கம்ப்யூட்டர் காலையில் ஆன் செய்தால் விண்டோஸ் வட்டம் சுற்றும்போதே நீலத்திரை. இரண்டு மூன்று தடவை ஆஃப் செய்து போட்டால் ஒரு தடவை வரும். மெக்கானிக் வந்து வைரஸ் என்று ஃபார்மட் அடித்தார். இரண்டு வாரம் ஓடியது. மறுபடி அதே கதை. ஹார்ட் டிஸ்க் மாற்றினார்கள். மறுபடி.

“தம்பி, ஃபார்மட் பண்ணா சரியாவுது, அப்புறம் கெட்டுப் போவுது. அப்ப வைரஸ்தானே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கான பதில்தான் எல்லோருக்கும் தெரிய வேண்டியது.

கெட்ட அறை ரேமில் எங்கோ ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் இன்று யார் குடியிருக்கிறார் என்பதுதான் மாறுகிறது. விண்டோஸின் மையப் பகுதியோ ஒரு டிரைவரோ அங்கே போய் உட்கார்ந்தால் ஆன் ஆகும்போதே நீலத்திரை. பாட்டுக் கோப்பின் ஒரு துண்டு உட்கார்ந்தால் காதுக்கே தெரியாத ஒரு கிளிக். காலி இடமாக இருந்தால் ஒன்றுமே இல்லை. ஃபார்மட் அடித்து வேறு வரிசையில் டிரைவர்களைப் போடும்போது குடியிருப்பு மாறுகிறது. ஏதோ ஒரு அப்டேட் வந்ததும் பழையபடி ஆகிறது. நீலத்திரையின் பிழைப் பெயர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வருவதும் இதனால்தான். மென்பொருள் கோளாறு பெரும்பாலும் ஒரே பெயரைச் சொல்லும். பெயர் மாறி மாறி வந்தால் முதலில் ரேமைச் சந்தேகப்படுங்கள்.

மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். 1990களில் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட்86இலிருந்து 2004இல் கிளைத்தது இது. விண்டோஸ் இல்லாமல் தானே பூட் ஆகும், அதனால் ரேமின் ஏறக்குறைய முழுப் பரப்பையும் தொட முடியும். ஒரு வடிவத்தை எழுதும், கீழிருந்து மேலாகப் படித்துச் சரிபார்த்துக்கொண்டே அதன் தலைகீழ் வடிவத்தை எழுதும், பிறகு மேலிருந்து கீழாக அதையே திருப்பிச் செய்யும். ஒரு அறையில் எழுதும்போது பக்கத்து அறை ஆடுகிறதா என்பதும் இதில் தெரிந்துவிடும். காலையில் பார்த்தால் சிவப்பு வரிகள். எல்லாம் ஒரே முகவரிக்கு அருகில், எப்போதும் அதே பிட், 1 இருக்க வேண்டிய இடத்தில் 0. இரண்டு பட்டைகளையும் தனித்தனியாக ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பார்த்ததில் ஒன்று சுத்தம், இன்னொன்று குற்றவாளி. அதே பட்டையை அடுத்த ஸ்லாட்டில் போட்டாலும் அதே பிழை. ஆக, போர்டு குற்றமற்றது.

அதோடு முடியவில்லை. அந்தச் சில மாதத்தில் ஸ்கேன் செய்த கோப்புகளைத் திறந்து பார்த்தோம். பெரும்பாலானவை நன்றாக இருந்தன. சிலவற்றில் பத்திரத்தின் பாதிக்குக் கீழே நிறம் மாறி, எழுத்து இடம்பெயர்ந்து கிடந்தது. ஜேபெக் படத்தில் ஒரு பிட் புரண்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் குழம்பும். ஹார்ட் டிஸ்க் மாற்றியபோது பழையதிலிருந்து நகலெடுத்தார்களே, அந்த நகலும் ரேம் வழியாகத்தான் போனது. நல்ல கோப்பு உள்ளே போய், கெட்ட கோப்பாக வெளியே வந்திருக்கிறது. எந்த எச்சரிக்கையும் இல்லை. நல்லவேளை, பழைய டிஸ்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். வேறு கணினியில் மாட்டி அதிலிருந்து மீட்டோம். டிஸ்க் மாற்றிய பிறகு ஸ்கேன் செய்தவற்றில் பழுதானவர்களைப் போன் செய்து வரவழைத்து மறுபடி ஸ்கேன் செய்தார் அண்ணன். காகிதம் அவர்களிடம் இருந்ததால் தப்பித்தது.

அபூர்வமா, அன்றாடமா?

இப்படி எத்தனை கணினிகளில் நடக்கிறது? சர்வர்களில் ஒன்பதாவது சில்லு இருப்பதால் அங்கே எண்ண முடிகிறது. 2009இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்களும் இரண்டரை ஆண்டுத் தரவை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஓராண்டில் மூன்றில் ஒரு சர்வர் ஒரு நினைவகப் பிழையாவது பார்த்தது. பட்டைக் கணக்கில் 8 சதவீதத்துக்கு மேல். பிழைகளில் பெரும்பங்கு அண்டக்கதிரால் அல்ல, சில்லின் நிரந்தரக் கோளாறால் என்பது அவர்கள் முடிவு. வெப்பத்தின் தாக்கம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. எல்லாவற்றுக்கும் எங்கள் ஊர் வெயிலைக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிக்கலாம், ஆனால் அது குளிரூட்டிய மையங்களின் கணக்கு என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

2011இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் பத்து லட்சம் சாதாரண பிசிக்கள் அனுப்பிய பழுது அறிக்கைகளை ஆராய்ந்தார்கள். ஒருமுறை நினைவகத்தால் விழுந்த கணினி மறுபடி அப்படியே விழும் வாய்ப்பு, முதல் முறையைவிட ஏறத்தாழ நூறு மடங்கு. தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

கோப்பைத் தாண்டியும் இது போகும். 2003 மே மாதம் பெல்ஜியம் தேர்தலில் ஷார்பீக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு அதிகமாக வந்தது. 4,096 என்பது இரண்டின் 12ஆம் அடுக்கு, அதாவது ஒரே ஒரு பிட் 0விலிருந்து 1 ஆனால் வரும் வித்தியாசம். அண்டக்கதிராக இருக்கலாம் என்றார்கள், நிரூபிக்க முடியவில்லை. நடக்க முடியாத எண்ணிக்கையாக இருந்ததால்தான் கண்ணில் பட்டது. சின்ன பிட் புரண்டு 4 ஓட்டு கூடியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

கெட்ட சில்லோடு வாழ்வதற்கும் உதாரணம் உண்டு. 2023 நவம்பரில் வாயேஜர்-1 விண்கலம் புரியாத தரவை அனுப்பத் தொடங்கியது. 1977இல் ஏவிய கலம், 2,400 கோடி கிலோமீட்டர் தூரத்தில். ஒரு நினைவகச் சில்லு கெட்டு, தரவைத் தொகுக்கும் கணினியின் நினைவகத்தில் சுமார் 3 சதவீதம் பாழாகியிருந்தது. கெட்ட இடத்தில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக்கி வேறு காலி இடங்களில் குடியமர்த்தி, 2024 ஏப்ரலில் கலத்தை மீட்டார்கள். ஒரு கட்டளை போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம். லினக்ஸில் நாமும் இதைச் செய்யலாம். இந்த முகவரியைத் தொடாதே என்று பூட் ஆகும்போதே சொல்லிவிட வழி இருக்கிறது. புது ரேம் வாங்கும்வரை சமாளிக்க உதவும்.

இன்றைய நிலை

2020இல் வெளியான டிடிஆர்5 தரத்தில் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் பிழைதிருத்தம் சேர்த்திருக்கிறார்கள். விளம்பரத்தில் இதை இசிசி என்று படித்துவிட்டு ஒன்பதாவது சில்லு திரும்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அறைகள் அவ்வளவு சிறுத்துவிட்டதால், சில்லு ஒழுங்காக ஓடவே அந்தத் திருத்தம் தேவைப்படுகிறது. சில்லிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியில் நடக்கும் தவறை அது பார்க்காது. சாதாரணக் கணினிகளில் எத்தனை பிழையைத் திருத்தியது என்று நமக்குச் சொல்வதும் இல்லை. 2021 ஜனவரியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், சாதாரண மக்களின் கணினியிலிருந்து இசிசியை ஒதுக்கியதற்காக இன்டெல்லைக் கடுமையாகச் சாடினார். கெட்ட ரேமால் வந்த பிழையை மென்பொருள் பிழை என்று எண்ணித் தேடி எத்தனையோ நாட்கள் வீணாகின்றன என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. என் தொழிலில் இருபது வருடமாக இருப்பவன் என்ற முறையில் அதற்கு நானும் சாட்சி சொல்வேன்.

கடைக்காரர்களுக்கும் வீட்டில் ஒரு பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கும் சுருக்கமாகச் சில வரிகள். ஆன் செய்ததும் நீளமாக பீப் அடித்துத் திரை வராமல் நின்றால் சந்தோஷப்படுங்கள். பழைய ஐபிஎம் பிசியின் நேர்மையில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ரேமைக் கழற்றி, தொடுமுனையைத் துடைத்து, கிளிப் விழும்வரை அழுத்தி மாட்டினாலே பாதி சரியாகும். சாம்பல் தூசி படியும் ஊரில் இது அடிக்கடி நடப்பதுதான். ரப்பர் போட்டுத் தேய்ப்பது வேலை செய்யும், ஆனால் தொடுமுனையின் தங்கப் பூச்சு மிக மெல்லியது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். பீப் வராமல் நீலத்திரை மட்டும் வந்தால், ஃபார்மட் அடிக்குமுன் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். பயோஸில் ரேமின் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால் முதலில் அதைக் குறைத்துப் பாருங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேர்வில் தோல்விதான், பரவாயில்லை என்பதற்கு இடமில்லை. ரேம் சந்தேகம் தீரும்வரை அந்தக் கணினியில் எதையும் நகலெடுக்காதீர்கள், பேக்கப்கூட வேண்டாம். பழைய டிஸ்கை வேறு நல்ல கணினியில் மாட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினி கெட்டிருந்த நாட்களில் சேமித்த முக்கியமான கோப்புகளைப் பெயரை மட்டும் பார்த்து நம்பாமல் ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசிப் பக்கம் வரை பாருங்கள்.